ஊமை எழுத்துகள்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

நம் கல்லூரி ஆண்டு மலருக்குப் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்ட அன்றே நண்பர்கள் பலர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். நிலவும் மழையும் காதலும் அவர்கள் பங்குக்குப் போய்விட்டபின் எனக்கு மிஞ்சியவை இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகள். ஒன்று கே, மற்றொன்று என். இவ்விரண்டும் தோளோடு தோள் சேர்ந்து முன்னால் நிற்கும் சொற்களைப் பற்றியும், அவற்றைப் போன்ற வேறு சில சொற்குடும்பங்களைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். வரலாறு படிக்கிறவனுக்கு ஆங்கில எழுத்துகளோடு என்ன வழக்கு என்று எங்கள் துறையில் கேட்பார்கள். பானிப்பட்டில் மூன்று முறை போர் நடந்ததை மனப்பாடம் செய்கிற நாம், ஓர் எழுத்து தன் ஒலியை இழந்த கதையையும் வரலாறு என்றே கொள்ளலாம் என்பது என் கட்சி.

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் நம்மைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் முதல் அடி எங்கே விழுகிறது? இலக்கணத்தில்கூட அவ்வளவாக இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதில்தான். எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், படிப்பதை எழுத வேண்டும் என்று பழகிய நாக்கு நம்முடையது. தமிழிலும் 'க' என்ற ஓரெழுத்து 'கல்' என்பதில் ஒரு விதமாகவும், 'சங்கு' என்பதில் ஒரு விதமாகவும், 'பகல்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறதே என்று மடக்குவோர் உண்டு. ஒலிக்கிறது, உண்மைதான். ஆனால் இடத்துக்கேற்ப ஒலிக்கிறதே தவிர, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் நிற்பதில்லை. ஆங்கிலத்திலோ அப்படி நிற்கும் எழுத்துகள் ஏராளம். பள்ளியில் அவற்றை 'ஊமை எழுத்து' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அத்தோடு பாடம் முடிந்தது. ஏன் ஊமையாயிற்று என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கே-யும் என்-னும் சேர்ந்து தொடங்கும் சொற்கள் அகராதியில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். முழங்கால் 'நீ'. மண்டியிடுதல் 'நீல்'. கத்தி 'நைஃப்'. முடிச்சு 'நாட்'. கதவைத் தட்டுதல் 'நாக்'. விரற்கணு 'நக்கிள்'. மாவு பிசைதல் 'நீட்'. கதவின் குமிழ் 'நாப்'. அறிதல் 'நோ'. இத்தனை சொற்களுக்கு முன்னாலும் ஒரு கே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. தமிழ்க் காதுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'நீ' என்றால் நமக்கு எதிரில் நிற்பவன், அவர்களுக்கு முழங்கால். 'நோ' என்றால் பழந்தமிழில் வருத்தம், அவர்களுக்கு அறிவு. 'நெல்' என்று கேட்டாலே நமக்கு வயிறு குளிரும். கே போட்டு எழுதுகிற 'நெல்' அவர்கள் ஊரில் சாவுக்கு அடிக்கும் மணியோசை!

இது வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

முதலாண்டில் பகுதி 2 ஆங்கில வகுப்பு. பாடத்தில் ஒரு பத்தியை எழுந்து படிக்கும் முறை என் ஊர்க்காரன் ஒருவனுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரையில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். பத்தியின் நடுவில் கே, என், ஐ, ஜி, எச், டி என்று ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல் வந்தது. குதிரைவீரன் என்று பொருள். 'நைட்' என்று படிக்க வேண்டும். அவன் ஓர் எழுத்தையும் விட்டுவிட மனமில்லாதவனாய், தமிழைக் கூட்டுவது போலவே கூட்டி, 'க்னிக்ட்' என்று படித்தான். வகுப்பு சிரித்தது. அதன்பின் பல நாள் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. விடுதி உணவுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வீட்டில் பணமுடையும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பெட்டியைக் கட்டும்போது அவன் பேசியது பணத்தைப் பற்றியன்று. "ஏன்டா, படிக்கக் கூடாதுன்னா எதுக்குடா அந்த எழுத்தை எழுதி வெச்சிருக்கறாங்க?" என்றான்.

நியாயமான கேள்வி. விடை நம் கல்லூரி நூலகத்தில்தான் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தில் பொருள் பார்ப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அதற்குப் பக்கத்து அடுக்கில் சுருக்க ஆக்ஸ்போர்டு அகராதியின் பழைய பதிப்பு ஒன்று அட்டை கிழிந்து கிடக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லின் விளக்கம் முடிந்ததும், பகர அடைப்புக்குள் அந்தச் சொல் பிறந்த கதை ஒன்றிரண்டு வரியில் இருக்கும். தேர்வுக்குத் தேவையில்லை என்று எல்லோரும் தாண்டிப் போகிற வரிகள் அவை. கே எழுத்துப் பக்கங்களில் அந்த வரிகளை மட்டும் படித்துக்கொண்டு போனேன்.

செய்தி இதுதான். அந்தக் கே ஒரு காலத்தில் ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் முழங்காலும் முடிச்சும் கத்தியும் 'க்ன' என்ற ஒலியோடுதான் தொடங்கின. இன்றைக்கும் ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய ஜெர்மன் மொழியில் முழங்காலுக்கு 'க்னீ' என்றே சொல்கிறார்கள்; கே-யை விழுங்குவதில்லை. இங்கிலாந்தின் பெருங்கவிஞர் சாசர் 1400-இல் மறைந்தார். அவருடைய கான்டர்பரிக் கதைகளில் முதல் கதையைச் சொல்பவனே ஒரு குதிரைவீரன். அந்தச் சொல்லைச் சாசர் காலத்தில் எப்படி ஒலித்தார்கள்? முன்னால் உள்ள கே ஒலித்தது. நடுவிலுள்ள ஜி-எச் உரசிக்கொண்டு வெளிவந்தது. ஐ என்பது 'இ' என்றே ஒலித்தது. ஆக, எங்கள் வகுப்பறையில் சிரிப்புக்கு ஆளான அந்த உச்சரிப்பு, சாசர் காதில் விழுந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார். சிரித்த நாற்பது பேர் சொல்வதைவிட என் ஊர்க்காரன் சொன்னதே அவருக்கு எளிதில் புரிந்திருக்கும்.

பிறகு என்ன நடந்தது? 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அன்று கே ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே அச்சில் ஏறியது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் மக்கள் நாக்கு சோம்பல் கொண்டது. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கற்றோர் பேச்சில்கூடக் கே பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஈயத்தில் வார்த்த எழுத்து மட்டும் நகரவில்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது, ஒலிக்காத எழுத்துகள் பலவும் அப்படியே அதில் குடியேறிவிட்டன. பெர்னார்டு ஷா இந்த எழுத்துமுறையை ஆயுள் முழுதும் ஏசியவர். 1950-இல் அவர் இறந்தபோது புதிய ஆங்கில நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். நெடுங்கணக்கும் உருவாயிற்று, அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அந்த எழுத்தில் அச்சாகியும் வந்தது. யாரும் பின்பற்றவில்லை. 1935-இல் பெரியார் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டு, 'ணை', 'லை' முதலியவற்றின் வடிவத்தை நாம் மாற்றிக்கொண்டதை நினைத்தால், இந்த ஒரு காரியத்தில் நாம் ஆங்கிலேயரைவிடத் துணிந்தவர்கள் என்றே சொல்லலாம்.

சரி, ஒலிக்காத எழுத்தை வெட்டிப் போட்டிருந்தால் என்ன கெட்டுவிடும்? நானும் முதலில் ஒன்றும் கெடாது என்ற பக்கத்தில்தான் நின்றேன். என் நண்பனாவது கல்லூரியில் இருந்திருப்பான். ஆனால் அந்தப் பகர அடைப்புகளைப் படிக்கப் படிக்க, கே எடுபட்டால் சில உறவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது புரிந்தது.

'நோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அறிதல் என்று பொருள். மருத்துவர் நம் நோய் இன்னதென்று அறிந்து சொல்வதை 'டயக்னோசிஸ்' என்கிறார்கள். இது கிரேக்கச் சொல். அதன் நடுவில் 'க்ன' என்ற ஒலி தெளிவாகக் கேட்கிறதல்லவா? அறியாமையைக் குறிக்கும் 'இக்னரன்ஸ்' லத்தீன் வழி வந்தது. அதிலும் 'க்ன' கேட்கிறது. இந்தக் 'க்ன'வும், 'நோ' முன்னால் ஊமையாய் நிற்கும் கே-யும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'கங்கை' என்பதன் முதலெழுத்தைப் போல மெலிந்து ஒலிப்பது, ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளில் 'கல்' என்பதன் முதலெழுத்தைப் போல வலிந்து ஒலிக்கும் என்ற விதியை ஜேக்கப் கிரிம் 1822-இல் முறைப்படுத்தி எழுதினார். தம் தம்பியோடு சேர்ந்து குழந்தைகளுக்கான நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்தான்.

அதே வேர் வடமொழியில் 'ஜ்ஞா' என்று நிற்கிறது. அங்கிருந்து 'ஜ்ஞானம்' பிறந்தது. நாம் அதை 'ஞானம்' என்று எடுத்துக்கொண்டோம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்ப் பாட்டிமார் வாயில் புழங்கும் 'ஞானம்' என்ற சொல்லும், முதலாண்டு ஆங்கிலப் பாடத்தில் எங்களை மிரட்டிய 'நோ' என்ற சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! அதுமட்டுமா? சொல் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே நாம் முன்னாலிருந்த 'ஜ்'-ஐ உதறினோம். ஆங்கிலேயர் முன்னாலிருந்த 'க்'-ஐ உதறினார்கள். நாம் ஒலியை விட்டபோது எழுத்தையும் விட்டோம். அவர்கள் ஒலியை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஞகர மெய் எந்த உயிர்களோடு கூடி மொழிக்கு முதலாகும் என்று தொல்காப்பியர் வகுத்த விதியில் ஆகாரமும் அடங்கும். அதனால் 'ஞானம்' தமிழ் வாசலில் தலை இடிக்காமல் நுழைந்துவிட்டது.

முழங்காலுக்கும் இதே கதைதான். லத்தீனில் முழங்கால் 'கெனு', வடமொழியில் 'ஜானு'. உயரமாய், கைகள் நீண்டு இருப்பவரை நாம் 'ஆஜானுபாகு' என்கிறோமே, முழங்கால் வரை நீளும் கைகளை உடையவர் என்பது அதன் பொருள். அந்த 'ஜானு'வும் ஆங்கில 'நீ'யும் உறவு. கே-யை எடுத்துவிட்டால் இந்த உறவைக் கண்டுபிடிக்கச் சாட்சியே இல்லை.

வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் உரையாற்றியவர் சர் வில்லியம் ஜோன்ஸ். இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்த்துறை நண்பர்கள் என்னை விடமாட்டார்கள். 'ஞானம்' வடமொழி வழியாக நம்மிடம் வந்த விருந்தாளி. அதைக் கொண்டு தமிழே ஆங்கிலத்துக்கு உறவு என்று கிளம்பிவிடக் கூடாது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் எழுதினார்; 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் அதை விரித்து நாட்டினார். நம்முடைய 'அறிவு' வேறு வேர்; அவர்களுடைய 'நோ' வேறு வேர்.

கே-என் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவன் நாம் முன்பே கண்ட 'நைட்'. மற்றவன் 'நேவ்'. இன்றைய ஆங்கிலத்தில் முன்னவன் பட்டம் பெற்ற பெருமகன். பின்னவன் கயவன், போக்கிரி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் ஒரே பொருள்தான்: பையன். வீட்டிலும் வயலிலும் ஏவிய வேலையைச் செய்யும் சிறுவன். அவர்களில் ஒருவன் பிரபுவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு போருக்குப் பின்னால் போனான், காலப்போக்கில் தானே குதிரை ஏறினான், வீரனானான், அரசன் கையால் பட்டம் வாங்கினான். மற்றவன் வேலைக்காரனாகவே இருந்தான். வேலைக்காரன் என்றாலே திருடுவான், பொய் சொல்வான் என்று எசமானர்கள் நினைத்த நினைப்பு அவன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. சீட்டுக்கட்டில் நாம் 'ஜாக்கி' என்று சொல்லும் சீட்டுக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'நேவ்' என்பதே. ராஜா ராணிக்கு அடுத்துக் கைகட்டி நிற்கும் பணியாள். ஜெர்மன் மொழியில் 'நைட்' என்பதன் நேர் உறவான 'க்னெக்ட்' இன்னும் பண்ணையாளாகவே இருக்கிறான். அங்கே அவனுக்குக் குதிரை கிடைக்கவில்லை.

சொற்பொருள் உயர்வதை உயர்பொருட்பேறு என்றும் தாழ்வதை இழிபொருட்பேறு என்றும் மொழி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். கள்ளுண்டு மயங்குவதைக் குறித்த 'களிப்பு' இன்று நல்ல மகிழ்ச்சியாகிவிட்டது. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பிடிக்க வைக்கிறது. நம்மிடம் உள்ளவை இரண்டு தனித்தனி எடுத்துக்காட்டுகள். அவர்களிடமோ ஒரே பொருளில் தொடங்கிய இரு சொற்கள், ஒன்று மேலேறியும் ஒன்று கீழிறங்கியும் பிரிந்திருக்கின்றன. உழைப்பவனைப் பற்றி உடையவன் கொண்ட எண்ணம் ஒரு மொழியின் அகராதியில் எப்படிப் பதிவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வரலாற்று மாணவனுக்குக் கிடைக்காது. 'சர்' பட்டம் பெறுகிறவர் இந்த 'நைட்' வரிசையில்தான் சேர்கிறார். நம் சி.வி. இராமன் 1929-இல் சேர்ந்தார். தாகூர் 1915-இல் சேர்ந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-இல் அதைத் துறந்தார்.

கே-என் போதும். இப்போது டபிள்யூ-ஆர். இங்கே ஊமை டபிள்யூ. இந்தக் குடும்பத்தை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு வியப்பு. மணிக்கட்டு 'ரிஸ்ட்'. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது 'ரிங்'. குழாய் வேலை செய்பவர் திருகும் கருவி 'ரெஞ்ச்'. மலர்வளையம் 'ரீத்'. முகச்சுருக்கம் 'ரிங்க்கிள்'. மல்லுக்கட்டுவது 'ரெஸில்'. நெளிவது 'ரிகிள்'. முகத்தைக் கோணுவது 'ரை'. எல்லாவற்றிலும் ஒரு முறுக்கல், ஒரு வளைவு இருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கூட்டத்தில்தான் 'ராங்' என்ற சொல்லும் இருக்கிறது. தவறு என்று நாம் படித்தோம். அதன் முதற்பொருள் கோணலானது, முறுக்கிக்கொண்டது என்பதே. அதற்கு எதிரான 'ரைட்' என்பதன் முதற்பொருள் நேரானது.

இதைப் படித்தபோது என் நினைவு எங்கள் தோட்டத்துக் கொடுவாளுக்குப் போயிற்று. கொங்கு நாட்டில் அரிவாளைக் கொடுவாள் என்போம். வளைந்த வாள் ஆதலால் கொடுவாள். 'கொடு' என்றால் வளைவு. அந்த வளைவிலிருந்துதான் 'கொடுமை' வந்தது. நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை. 56-ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. 'நேர்மை'யும் நேராய் இருப்பதுதான். இரண்டு மொழிகளுக்கும் இரத்த உறவு இல்லை. ஒன்றை ஒன்று பார்த்து எழுதவும் இல்லை. ஆனாலும் நல்லது நேரானது, கெட்டது வளைந்தது என்று தேம்ஸ் கரையிலும் காவிரிக் கரையிலும் மனிதன் ஒரே மாதிரி நினைத்திருக்கிறான்.

எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' என்ற வேறொரு சொல் இருக்கிறது. அதற்கும் முன்னால் டபிள்யூ உண்டு. அது மட்டும் இந்த முறுக்கல் கூட்டத்தில் சேராது. அதன் பழைய பொருள் கீறுதல். எழுத்தாணியால் ஓலையைக் கீறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டைக் குறிக்கும் 'டூ' என்பதன் நடுவிலும் ஒரு டபிள்யூ தூங்குகிறது. இரட்டையர் 'ட்வின்', இருமுறை 'ட்வைஸ்', இருபது 'ட்வென்டி' என்று சொல்லும்போது அது விழித்துக்கொள்கிறது. பன்னிரண்டாகிய 'ட்வெல்வ்' இன்னும் சுவையானது. பத்து எண்ணியபின் 'இரண்டு மிச்சம்' என்பதே அதன் பழம்பொருள். பதினொன்றுக்குரிய 'லெவன்' என்பதும் 'ஒன்று மிச்சம்'தான். சந்தையில் தேங்காய் எண்ணுகிறவர் சொல்வது போல இருக்கிறது. எட்டைக் குறிக்கும் 'எய்ட்' நடுவில் ஒரு ஜி-எச். லத்தீனில் எட்டு 'ஆக்டோ'. பழைய உரோமானிய ஆண்டில் எட்டாவது மாதமாக இருந்தது அக்டோபர். அதில் கேட்கும் 'க்' ஒலிதான் 'எய்ட்' நடுவே ஜி-எச் ஆகி உறங்குகிறது.

இவ்வளவு சொன்னதால் ஊமை எழுத்துகள் எல்லாமே உத்தமர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சில பொய்ச்சாட்சிகளும் உள்ளன. கடனைக் குறிக்கும் 'டெட்' நடுவில் ஒரு பி இருக்கிறது. ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியபோது அதில் பி இல்லை. ஆங்கிலத்தில் அது என்றுமே ஒலித்ததில்லை. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று பிற்காலத்துப் புலவர்கள் கொண்டுவந்து செருகினார்கள். வங்கியில் நாம் சொல்லும் 'டெபிட்' என்பதில் ஒலிப்பது அந்த லத்தீன் பி. அதாவது, இதில் வம்சம் உண்மை, வழி பொய். 'ஐலண்ட்' என்ற தீவின் கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். அதில் எஸ் என்ற எழுத்துக்கு வேலையே கிடையாது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணி எஸ்-ஐ நட்டுவிட்டார்கள். அந்த எஸ்-ஐ விட்டுவிட்டு எழுதினால் இன்று நமக்கு மதிப்பெண் குறைகிறது! படித்தவர்கள் செய்த பிழைக்குப் படிக்க வந்தவர்கள் அபராதம் கட்டுகிறோம்.

விடுதியில் நாங்கள் ஐந்தாறு பேர் மாலை வேளைகளில் இப்படி ஒவ்வோர் எழுத்துக் கூட்டமாக எடுத்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். சொல், அதன் பொருள், அதன் உறவினர் என்று மூன்று கட்டம். தனித்தனியாய் மனப்பாடம் செய்தபோது மறுநாளே மறந்துபோன சொற்கள், குடும்பத்தோடு வந்தபோது தங்கிவிட்டன. எனக்கு இப்போது ஆங்கிலத்தில் அரியர் இல்லை என்பதையும் இங்கே தன்னடக்கமின்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

என் ஊர்க்காரன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். துணி பின்னும் எந்திரத்தில் வேலை. சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். திருப்பூரில் தெருவுக்குத் தெரு 'நிட்டிங்' என்றும் 'நிட்வேர்' என்றும் பெயர்ப்பலகைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கே. 'நிட்' என்ற சொல், முடிச்சு என்று பொருள்படும் 'நாட்' என்பதிலிருந்து வந்தது என்று சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேருதான் அப்படி. பனியன் துணியில முடிச்சே கிடையாதுடா. நூலை வளையம் வளையமாக் கோத்து விட்டிருக்கும். ஒரு இடத்துல அறுந்தாச் சரசரன்னு பிரிஞ்சு போயிரும்" என்றான். எந்த அகராதியிலும் பகர அடைப்புக்குள் இது இல்லை.

சாசர் கதையையும் சொன்னேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னான்.

"அப்ப நான் படிச்சது தப்பில்லையாடா?"

"அறுநூறு வருசம் லேட்டு. அவ்வளவுதான்."

சிரித்தான். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து பட்டம் வாங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறானாம். அங்கேயும் பகுதி 2 ஆங்கிலம் உண்டு. காலையில் பேருந்து ஏறுவதற்கு முன் வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைக் கேட்டான். டபிள்யூ-ஆர் பக்கங்கள் பாதிதான் எழுதியிருந்தன. பரவாயில்லை, மிச்சத்தை நான் எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.